வழி தெரிந்தவர்களுக்கு மட்டும்தானா இந்த மூர்நிலம்? ஃபெல் ஓட்டப் போட்டிக்குழு ஒன்றுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய போட்டிக்குழுத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

இங்கிலாந்தின் பீக் மாவட்டத்திலுள்ள டார்க் பீக் மூர்நிலத்தின் (மரமற்ற மேட்டுச் சதுப்புநிலம்) குறுக்கே நீங்கள் ஆண்டுதோறும் நடத்தும் நெடுந்தொலைவு ஃெபல் ஓட்டத்துக்குப் புதிய நுழைவு விதி ஒன்றை அறிவித்திருக்கிறீர்கள். இனிமேல் பதிவு செய்பவர் கடந்த மூன்று ஆண்டுகளுக்குள் இந்தப் போட்டியை ஒருமுறையாவது ஓடி முடித்திருக்க வேண்டும். இல்லையேல், பாதை முழுவதையும் இரண்டு முறை நேரில் பார்த்திருப்பதாகத் தம் கிளப்பின் செயலாளரிடம் கையொப்பம் வாங்கிவர வேண்டும். சென்ற அக்டோபர் போட்டியில் பலர் வழிதவறியதும், மலை மீட்புக்குழுவை அழைக்க நேர்ந்ததும் இதற்குக் காரணம் என்று உங்கள் அறிவிப்பு சொல்கிறது. அந்தப் போட்டியில் ஓடியவள் நான். அன்று நடந்தவற்றை உங்கள் அறிக்கை சொல்லும் விதத்தையும், அதிலிருந்து நீங்கள் வந்தடைந்த முடிவையும் என்னால் ஏற்க இயலவில்லை.

நான் மான்செஸ்டரில் செவிலியராகப் பணிபுரிகிறேன். எந்தக் கிளப்பிலும் உறுப்பினர் அல்ல. பாதையின் ஏறத்தாழ பாதியை மட்டுமே முன்கூட்டிப் பார்த்திருந்த நிலையில்தான் தொடக்கக் கோட்டில் நின்றேன். மீதியை வரைபடத்தில் மட்டுமே அறிந்திருந்தேன். இம்மடலின் ஆங்கில வடிவம் உங்கள் செயலாளருக்கு ஏற்கெனவே வந்து சேர்ந்திருக்கும். தமிழில் இதை வெளியிடுவதற்கு ஒரு காரணம் உண்டு. வட இங்கிலாந்தில் இப்போதுதான் மலையோட்டத்தின் பக்கம் எட்டிப்பார்க்கத் தொடங்கியிருக்கும் தமிழர்கள் சிலர் உங்கள் அறிவிப்பைப் படித்துவிட்டு, “இது நமக்கெல்லாம் சரிப்படாது” என்று ஒதுங்கிவிட்டார்கள். அவர்களும் இதைப் படிக்க வேண்டும்.

அவர்களுக்காகச் சில வரிகள், குழுவினர் பொறுத்துக்கொள்ளவும். ஃபெல் என்றால் வட இங்கிலாந்து வழக்கில் மலை. ஃபெல் ஓட்டத்தில் பெரும்பாலும் இருபுறமும் கயிறு கட்டிய பாதை கிடையாது. ஓடுபவர்கள் தொட்டுச்செல்ல வேண்டிய செக்பாயின்டுகளின் இடம் வரைபடத்தில் குறிக்கப்பட்டிருக்கும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு, தடைசெய்யப்பட்ட இடங்களைத் தவிர்த்து, எவ்வழியாகப் போவது என்பது ஓடுபவரின் பொறுப்பு. 1970இல் தொடங்கப்பட்ட ஃபெல் ஓட்டக்காரர் சங்கம் போட்டிகளை ஏற்றத்தின் அளவைக்கொண்டு ஏ, பி, சி என்று பிரிக்கிறது: கிலோமீட்டருக்குச் சராசரியாகக் குறைந்தது 50 மீட்டர் ஏற்றம் இருந்தால் ஏ, 25 மீட்டர் இருந்தால் பி, 20 மீட்டர் இருந்தால் சி. தொலைவு 20 கிலோமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் நெடுந்தொலைவு என்பதற்கான எல் என்ற எழுத்தும் சேரும். சங்கத்தின் நாட்காட்டியில் ஒவ்வொரு போட்டிக்கும் எதிரே வேறு சில குறிகளும் இருக்கும். முன் அனுபவம் தேவை என்பதற்கு ஒரு குறி, வரைபடமும் திசைகாட்டியும் கையாளும் திறன் தேவை என்பதற்கு ஒரு குறி. இடப்பழக்கம் இருந்தால் அது அனுகூலம் என்பதற்கும் ஒரு குறி உண்டு. உங்கள் போட்டிக்கு எதிரே இந்த மூன்றும் பல ஆண்டுகளாக அச்சிடப்பட்டு வருகின்றன.

நுழைவுப் படிவத்தை நிரப்பும்போது இந்த மூன்றையும் படித்து, புரிந்துகொண்டுதான் நிரப்பினேன். இடப்பழக்கமுள்ளவர் எனக்கு முன்னால் போவார் என்பது தெரிந்ததுதான். ஆடுகளும் பல ஆண்டு ஓட்டக்காரர்களும் சேர்ந்து ஹெதர் புதர்களுக்கிடையே உண்டாக்கிய ஒற்றையடித் தடங்கள் அவர்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. முழங்காலளவு புல் மேடுகளில் நான் தடுக்கித் தடுக்கிப் போகும் தொலைவை அவர்கள் பாதி நேரத்தில் கடந்துவிடுவார்கள். அந்த நேர இழப்பு புதியவர் கட்டவேண்டிய கட்டணம். அதைக் கட்டுவதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. அனுகூலமாக இருந்த ஒன்றை நுழைவதற்கான நிபந்தனையாக நீங்கள் மாற்றியதுதான் என் குறை.

இனி அன்றைய நாளுக்கு வருகிறேன்.

காலையிலிருந்தே மேகம் தாழ்ந்திருந்தது. பிளீக்லோவின் விளிம்பை அடைந்தபோது முப்பது நாற்பது மீட்டருக்கு மேல் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. 633 மீட்டர் உயரமுள்ள பிளீக்லோவைக் குன்று என்று சொல்வதைவிட மேட்டுச் சதுப்பு என்பதே பொருந்தும். கூரான உச்சி எதுவும் அதற்குக் கிடையாது. மேலே ஏறிவிட்டால், தாவரங்கள் பாதி மக்கி உண்டான பீட் மண் பரந்து கிடக்கும். அதைத் தண்ணீர் அரித்து உண்டாக்கிய வாய்க்கால்களை இங்குள்ளவர்கள் கிரஃப் என்பார்கள். ஒரு கிரஃபுக்குள் இறங்கினால் தலைக்கு மேலே கறுப்புச் சுவரும் வெள்ளை வானமும் மட்டுமே தெரியும். ஏறி வெளியே வந்தால் அடுத்தது காத்திருக்கும். 1:25,000 வரைபடத்தின் சமவுயரக் கோடுகள் இவற்றில் பெரும்பாலானவற்றைக் காட்டுவதே இல்லை. நேர்கோட்டில் ஓடுவதாக ஒருவர் நினைத்துக்கொண்டிருக்கும்போதே கிரஃபின் போக்கு அவரைச் சிறிது சிறிதாகப் பக்கவாட்டில் இழுத்துச் சென்றிருக்கும். ஆகவே ஒவ்வொரு முறை மேலே ஏறும்போதும் திசைகாட்டியைப் பார்த்து, முள் காட்டும் கோட்டில் கண்ணுக்கெட்டும் ஒரு கல்லையோ புல்திட்டையோ குறிவைத்து, அதை அடைந்ததும் அடுத்த குறியைத் தேட வேண்டும். மெதுவான வேலைதான். ஆனால் பாதை தெரியாதவரையும் அது கொண்டுசேர்க்கும்.

நீங்கள் அச்சிட்டுத் தந்த தாளில், பிளீக்லோ ஹெட் உச்சியில் நடுவே கம்பம் நட்ட பெரிய கற்குவியலின் கட்டக் குறியீடுதான் (வரைபடக் கட்டங்களைக்கொண்டு இடத்தைச் சொல்லும் எண்) செக்பாயின்டாகக் கொடுக்கப்பட்டிருந்தது. நான் அந்தக் கற்குவியலை அடைந்தேன். அங்கே கூடாரம் இல்லை, மார்ஷல்களும் இல்லை. எனக்கு முன்னால் வந்திருந்த சிலர் அதைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் விசில் ஊதினார். பிறகுதான் தெரிந்தது: காற்று தாங்க முடியாமல் உங்கள் தன்னார்வலர்கள் வெய்ன் ஸ்டோன்ஸ் பாறைகளின் மறைவுக்குக் கூடாரத்தைக் கொண்டுபோயிருந்தார்கள். கற்குவியலிலிருந்து 200 மீட்டர் இருக்கலாம். மணிக்கணக்கில் அந்தக் குளிரில் நின்றவர்களை நான் குறைசொல்லவே மாட்டேன். அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் அதையே செய்திருப்பேன். இடமாற்றம் காலையிலேயே வானொலிக் கருவி வழியாக உங்கள் கட்டுப்பாட்டு மேசைக்குச் சொல்லப்பட்டதாக அந்த மார்ஷல்களே என்னிடம் கூறினார்கள். ஆனால் ஓடுபவர்களுக்கு அது போய்ச் சேரவில்லை. நான் கடந்துவந்த முந்தைய செக்பாயின்டில் ஒரு அட்டையில் எழுதி வைத்திருந்தால்கூடப் போதுமாக இருந்திருக்கும். கற்குவியலருகே ஒரு அம்புக்குறியாவது நட்டிருக்கலாம்.

தெளிந்த வானிலையில் இது ஒரு பொருட்டே அல்ல. மேகத்துக்குள் 200 மீட்டர் எதையெல்லாம் மாற்றிவிடும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அங்கிருந்து அடுத்த செக்பாயின்ட் ஹையர் ஷெல்ஃப் ஸ்டோன்ஸ் உச்சியின் டிரிக் தூண், அதாவது நில அளவைக்காக நட்ட தூண். ஒன்றேகால் கிலோமீட்டருக்குச் சற்று மேல், தெற்கிலிருந்து சிறிதே மேற்காக. வீட்டில் உட்கார்ந்து வரைபடத்தில் திசைக் கோணம் எடுத்து வைத்தவர்கள் எல்லோரும் கற்குவியலிலிருந்துதான் எடுத்திருந்தார்கள். அதே கோணத்தைப் பாறை மறைவிலிருந்து பிடித்துப் போனால், கோட்டிலிருந்து ஒரு மயிரிழைகூட விலகாமல் ஓடினாலும் தூணைப் பார்க்காமலேயே கடந்துவிடலாம். திறமையுடன் ஓடியவர்களையே இது ஏமாற்றும்.

பெரும்பாலானோர் செய்தது வேறு. கற்குவியலிலிருந்து தெற்கே கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் ஒரே தடம், பென்னைன் நெடுவழி என்ற நெடுந்தொலைவு நடைபாதையின் தடம். ஆண்டு முழுவதும் நடப்பவர்களின் கால்பட்டு அகன்ற தடம் அது. சிறிது தூரம் போனதும் அது தென்கிழக்காக ஹெர்ன் கிளவ் ஓடைப் பள்ளத்துக்குள் இறங்கிவிடும். ஷெல்ஃப் ஸ்டோன்ஸ் அதற்கு வலப்புறம் விலகிக்கொண்டே போகும். ஒருவர் அந்தத் தடத்தில் இறங்க, அவர் வழி தெரிந்தவர் என்ற நம்பிக்கையில் அடுத்தவர் இறங்க, செம்மறி ஆட்டு மந்தை முன் ஆட்டைப் பார்த்துப் போவதுபோல் ஒரு வரிசையே மேகத்துக்குள் மறைந்ததை நான் பார்த்தேன். அந்த வரிசையில் இந்த வட்டாரத்துக் கிளப்புகளின் மேற்சட்டை அணிந்தவர்கள் இருந்தார்கள். உங்கள் போட்டியைப் பலமுறை ஓடியதாகத் தொடக்கக் கோட்டில் பேசிக்கொண்டிருந்தவர்களும் இருந்தார்கள். உங்கள் புதிய விதியின்படி சான்றே கேட்கப்படாமல் நுழையக்கூடியவர்கள் அவர்கள்.

நான் மீண்டும் கற்குவியலுக்கு வந்து, அங்கிருந்து என் கோணத்தைப் பிடித்தேன். வேறு இருவர் உடன் வந்தார்கள், அவர்களும் புதியவர்களே. ஒருவர் முன்னே ஓடி நிற்க, மற்றவர் பின்னாலிருந்து “இடம், இன்னும் இடம்” என்று சரிசெய்ய, மூன்றாமவர் அடிகளை எண்ண, அப்படியே போனோம். மேகத்துக்குள் முதலில் தெரிந்தது ஓர் இயந்திர உருளை. பிறகு சேற்றில் பாதி புதைந்த அலுமினியத் தகடுகள். 1948 நவம்பர் 3 அன்று பி-29 விமானம் ஒன்று இங்கே மோதி அதிலிருந்த 13 பேரும் இறந்தார்கள். அதன் சிதைவுகள் இன்றும் அங்கேதான் கிடக்கின்றன. நினைவுக்கல்லை மிதிக்காமல் சுற்றிப்போகும்படி நீங்களே உங்கள் குறிப்பில் எழுதியிருந்தீர்கள். அந்தச் சிதைவுகள் தூணுக்கு வடகிழக்கே கூப்பிடு தூரத்தில் இருப்பதை வரைபடத்தில் பார்த்துவைத்திருந்ததால் மீதித் தொலைவு எளிதாயிற்று. நாங்கள் மூவரும் அந்த இடத்தில் அதற்கு முன் கால் வைத்ததே இல்லை.

பாதையிலுள்ள மற்றொரு மேட்டுநிலமான கின்டரிலும் இதே கதைதான். கின்டர் டவுன்ஃபால் அருவியிலிருந்து ஆற்றின் மணற்படுகையைப் பிடித்துக்கொண்டு கின்டர் கேட்ஸ் வரை மேல்நோக்கி வருவது எவருக்கும் இயலும். அதன் பிறகு ஆறு பல கிளைகளாகப் பிரிந்துவிடும். கிரவுடன் ஓடையின் தலைப்பிலிருந்த அடுத்த செக்பாயின்டுக்குத் தென்கிழக்காகச் சதுப்பைக் கடக்க வேண்டும். அந்த இடத்தை நேராகக் குறிவைத்தால், விளிம்புப் பாதையை அடைந்ததும் ஓடை இடப்புறமா வலப்புறமா என்று தெரியாமல் நிற்க நேரும். வேண்டுமென்றே சற்று இடப்புறமாகக் குறிவைத்தேன். விளிம்புப் பாதை வந்ததும் யோசிக்கத் தேவையில்லாமல் வலப்புறம் திரும்பினேன். பாதையை முன்பே பார்த்திராதவர் செய்யவேண்டியது இவ்வளவுதான்: பிடித்துப்போக ஓர் ஓடை, தவறினால் தடுத்து நிறுத்த ஒரு விளிம்பு, இடையில் நம்பக்கூடிய ஒரு கோணம். இதை ஒரு வார இறுதியில் கற்றுக்கொள்ளலாம். கற்றவர் எந்த மூரிலும் ஓடலாம்.

மீட்புக்குழுவை அழைக்க நேர்ந்ததைப் பற்றி உங்கள் அறிக்கை ஒரே வரியில் கடந்துவிடுகிறது: “பாதை அறியாத ஓட்டக்காரர் ஒருவர் காணாமற்போனதால்.” அவர் காணாமற்போகவில்லை. ஸ்னேக் கணவாயில், ஏ57 சாலையைக் கடக்கும் இடத்தில், கணுக்கால் பிசகியதால் போட்டியிலிருந்து விலகினார். அங்கிருந்த தன்னார்வலரிடம் தம் எண்ணைச் சொன்னார்; நான் பக்கத்தில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன், என் காதால் கேட்டேன். எழுதிக்கொண்ட தாள் மழையில் நனைந்திருந்தது. யாரோ ஒருவர் தம் காரில் அவரை ஊருக்கு அழைத்துச்சென்றார். முடிவுக் கோட்டின் கணக்கில் ஓர் எண் குறைந்தபோது, அந்த எண்ணுக்குரியவர் வீட்டில் காலை உயர்த்தி வைத்துக்கொண்டு படுத்திருந்தார். மீட்புக்குழுவின் தன்னார்வலர்களோ தங்கள் மாலைப்பொழுதை விட்டுவிட்டுப் புறப்பட்டுக்கொண்டிருந்தார்கள். பாதை தெரியாததால் நேர்ந்த குழப்பம் இல்லை இது. கணக்கெடுப்பு தவறியதால் நேர்ந்தது.

இதைச் சிறிய விஷயம் என்று தள்ளிவிட முடியாது. 1964 மார்ச்சில் ஃபோர் இன்ஸ் நடைப்போட்டியில் இதே மூர்நிலத்தில் மூன்று இளம் ரோவர் சாரணர்கள் மழையிலும் காற்றிலும் குளிர்ந்து இறந்தார்கள். தேடுவதற்கு ஆட்கள் ஏராளமாக வந்தும் அவர்களை ஒருங்கிணைக்க அமைப்பு இல்லாத நிலையை அது வெளிப்படுத்தியது. பீக் மாவட்ட மீட்புக்குழுக்கள் ஒரே அமைப்பின்கீழ் திரண்டது அதன் பிறகுதான். 2012இல் லேக் மாவட்டத்தின் ஃபெல் போட்டி ஒன்றில் ஓர் ஓட்டக்காரர் இறந்தார். அவர் திரும்பி வராதது உரிய நேரத்தில் கவனிக்கப்படவில்லை. அதற்குப் பிறகு சங்கம் பாதுகாப்பு விதிகளைத் திருத்தி எழுதியது. போகிறவர்களையும் வருகிறவர்களையும் விலகுகிறவர்களையும் பிழையின்றி எண்ணுவது அமைப்பாளரின் முதற்கடமை என்பதை இந்த விளையாட்டு உயிர்களை இழந்து கற்றிருக்கிறது. அந்தக் கடமை சென்ற அக்டோபரில் நனைந்த ஒரு தாளோடு நின்றுபோயிற்று.

தொடக்கத்தில் நடந்த கருவிச் சோதனையையும் சொல்லியாக வேண்டும். உடல் முழுவதையும் மூடும் நீர்புகா உடை, தொப்பி, கையுறை, வரைபடம், திசைகாட்டி, விசில், அவசர உணவு ஆகியவை கட்டாயம். எனக்கு முன்னால் நின்றவர் சாவிக்கொத்தில் தொங்கிய பொத்தான் அளவு திசைகாட்டியைத் தூக்கிக் காட்டினார், தலையசைப்புடன் அனுப்பப்பட்டார். இன்னொருவரின் வரைபடம் கடையில் வாங்கிய உறையிலிருந்து பிரிக்கப்படவே இல்லை. கைக்கடிகாரத்தில் பாதையை ஏற்றி வைத்திருந்தவர்களுக்கு இவையெல்லாம் வெறும் சடங்கு. ஈரக் கையுறையோடு அந்தக் கடிகாரத் திரையைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தவர்களையும் பிறகு பிளீக்லோவில் சந்தித்தேன்.

பாதையை இரண்டு முறை பார்த்தவருக்கு மூர்நிலம் தெரிந்துவிடும் என்ற எண்ணமே எனக்கு வியப்பாக இருக்கிறது. வெயிலில் பார்த்த பிளீக்லோவும் மேகத்தில் பார்க்கும் பிளீக்லோவும் ஒன்றல்ல என்பது உங்களில் எவருக்குத் தெரியாது? நிலமும் மாறிக்கொண்டே இருக்கிறது. 2003 முதல் இந்த மூர்களில் நடந்துவரும் மீட்டெடுப்புப் பணியில், வெறுமையாகக் கிடந்த கறுப்புப் பீட்டின்மேல் ஹெலிகாப்டரிலிருந்து ஹெதர் தழை இறக்கப்பட்டிருக்கிறது, புல் விதைத்திருக்கிறார்கள், தண்ணீர் ஓடிவிடாமலிருக்கக் கிரஃபுகளின் குறுக்கே கல்லாலும் மரத்தாலும் தடுப்பணைகள் கட்டியிருக்கிறார்கள். ஒருகாலத்தில் உலர்ந்த ஓடுபாதையாக இருந்த கிரஃபுகளில் இன்று இடுப்பளவு குட்டைகள் இருக்கின்றன. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் கற்ற தடத்தை நம்பி ஓடிய அனுபவசாலி ஒருவர் அப்படியொரு குட்டையில் இறங்கி ஏறியதை நான் பார்த்தேன். நல்லவேளை, அவருக்கு நகைச்சுவை உணர்வு இருந்தது.

உங்கள் விதி அந்த நிலத்துக்கும் கேடு. புதிதாக வரும் ஒவ்வொருவரும் பாதை முழுவதையும் இரண்டு முறை மிதிக்க வேண்டும் என்றால், அக்டோபர் போட்டிக்கு அவர்கள் வருவது நீண்ட பகல் உள்ள வசந்தத்திலும் கோடையின் தொடக்கத்திலும்தான். பொன்னிற உப்புக்கொத்திகளும் கர்லூ, டன்லின் போன்ற கரைப்பறவைகளும் தரையில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் காலமும் அதுதான். மார்ச் முதல் ஜூலை வரை நாயைக் குட்டையான கயிற்றில் பிடித்துக்கொள்ளச் சட்டமே சொல்லும் இடத்தில், தடமில்லாச் சதுப்பின் நடுவே மனிதக் கால்களைப் பெருக்கும் விதியை ஓர் ஓட்டப் போட்டி வகுக்கலாமா?

யாரால் அந்த இரண்டு முறையும் போய்ப் பார்க்க முடியும் என்பதையும் எண்ணிப் பாருங்கள். கார் வைத்திருப்பவர், வார இறுதி ஓய்வுள்ளவர், இந்தப் பள்ளத்தாக்குகளிலேயே வாழ்பவர் ஆகியோருக்கு அது இன்பம். என்னைப் போன்றவருக்கு கிளாசப் வரை ஒரு ரயில், எடேலுக்கு வேறொரு ரயில். இரண்டுக்கும் நடுவே கிடக்கும் ஸ்னேக் கணவாய்க்குக் கார் இல்லாமல் போய்த் திரும்புவதென்றால் மலையையே இருமுறை கடக்க வேண்டும். இரவுப்பணி முடித்த மறுநாள் அதைச் செய்வது, போட்டியைக் காட்டிலும் ஆபத்தானது என்பதைச் செவிலியராகவே சொல்கிறேன். கிளப் இல்லாதவருக்கு எந்தச் செயலாளர் கையொப்பமிடுவார் என்பதற்கு உங்கள் அறிவிப்பில் விடையே இல்லை. கிளப் சாராத ஓட்டக்காரர்கள் ஃபெல் போட்டிகளில் எப்போதும் இருந்துவந்திருக்கிறார்கள். அவர்களை ஒரு வரியில் வெளியேற்றுவதை நீங்கள் திட்டமிட்டே செய்தீர்கள் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் விளைவு அதுதான்.

கின்டர் மேட்டில் கால்வைக்கும் உரிமைக்காக 1932 ஏப்ரல் 24 அன்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேலைநாளெல்லாம் மான்செஸ்டர் பட்டறைகளில் கழித்த இளைஞர்கள் தடையை மீறி ஏறினார்கள். ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். 2000ஆம் ஆண்டுச் சட்டம் இந்த மூர்களை நடப்பவர் எல்லோருக்கும் திறந்துவிட்டது. உங்கள் பரிசளிப்பு விழா உரைகளில் இந்த வரலாறு தவறாமல் இடம்பெறுகிறது. அப்படிப்பட்ட மண்ணில் ஓடுவதற்கு மீண்டும் ஒரு கையொப்பம் கேட்பது பொருத்தமாக இல்லை.

பாதுகாப்பு வேண்டாம் என்று நான் வாதிடவில்லை. பாதை முழுவதும் கொடி நட்டுவிடுங்கள் என்றும் கேட்கவில்லை. அப்படிச் செய்தால் இந்தப் போட்டிக்கு வர எனக்கே விருப்பம் இராது. வரைபடம் வாசிக்கத் தெரியாதவரைத் தடுக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு, கடமையும் உண்டு. தடுக்கும் அளவுகோல் அந்தத் திறனாக இருக்கட்டும்.

ஆகவே உங்களிடம் கேட்பவை இவை. அடுத்த போட்டிக்கான பதிவைத் திறப்பதற்கு முன், இரண்டு முறை பாதை பார்த்ததற்கான சான்று விதியைத் திரும்பப் பெறுங்கள். அதற்குப் பதிலாக, வழிகாணும் திறன் தேவைப்படும் வேறொரு நெடும்போட்டியையோ மலைநடைப் பயிற்சி வகுப்பையோ முடித்திருப்பதைத் தகுதியாக ஏற்றுக்கொள்ளுங்கள். இரண்டும் இல்லாதவருக்கு, பதிவு மேசையிலேயே வரைபடத்தைக் கொடுத்து ஒரு கோணம் எடுக்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிடம் போதும். கிளப் உறுப்பினருக்கும் கிளப் சாராதவருக்கும், பழையவருக்கும் புதியவருக்கும் அதே தகுதி பொருந்தட்டும்.

செக்பாயின்டுகளின் கட்டக் குறியீடுகளையும், தவிர்க்கவேண்டிய செங்குத்து விளிம்புகளையும், மீட்டெடுப்புப் பணி நடக்கும் பகுதிகளையும் போட்டிக்கு ஒரு மாதம் முன்பே வெளியிடுங்கள். போட்டியன்று ஒரு செக்பாயின்ட் இடம்மாறினால், அதற்கு முந்தைய செக்பாயின்டில் எழுதி வைப்பதையும், பழைய இடத்தில் ஓர் அடையாளம் நட்டுவைப்பதையும் எழுதப்பட்ட நடைமுறையாக்குங்கள். விலகுபவரின் மார்பு எண்ணைப் பெற்றுக்கொண்டு, நனையாத தாளில் பதிந்து, உடனே வானொலியில் கட்டுப்பாட்டு மேசைக்குச் சொன்ன பிறகே அவரை அனுப்புங்கள். மேகம் தாழ்ந்த நாளுக்கென்று பிளீக்லோ உச்சியைத் தவிர்க்கும் மாற்றுப் பாதையொன்றை முன்கூட்டியே வரைந்து வையுங்கள். பொத்தான் திசைகாட்டியுடன் வருபவரைத் திருப்பி அனுப்புங்கள், அவர் எத்தனை முறை ஓடியவராக இருந்தாலும்.

குஞ்சு பொரிக்கும் காலம் முடிந்த ஆகஸ்டில், ரயிலில் வந்து சேரக்கூடிய ஓரிடத்திலிருந்து, புதியவர்களுக்காக ஒரு நாள் வழிகாணல் பயிற்சி நடத்துங்கள். ஏற்பாட்டு வேலைகளில் என் நேரத்தைத் தரத் தயாராக இருக்கிறேன். உடன் வருவதாக இன்னும் சிலர் சொல்லியிருக்கிறார்கள்.

கடைசியாக, சென்ற அக்டோபர் நிகழ்வைப் பற்றிய உங்கள் அறிக்கையைத் திருத்தி வெளியிடுங்கள். கணுக்கால் பிசகிய அந்த ஓட்டக்காரரைப் ‘பாதை அறியாதவர்’ என்றும் ‘காணாமற்போனவர்’ என்றும் சொல்லும் வரியை நீக்கி, செக்பாயின்ட் இடம்மாறியதையும் விலகல் பதிவு தவறியதையும் அதில் சேருங்கள். பதிவு திறக்கும் நாளுக்கு முன் உங்கள் பதிலை எழுத்தில் எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
சென்ற அக்டோபர் போட்டியை ஓடி முடித்த ஒரு செவிலியர்,
மான்செஸ்டர்